இரண்டாவது நிக்காஹ்: சட்டம் ஏற்கிறது, பத்திரம் எங்கே?

இரண்டாவது நிக்காஹ் பற்றி நம்மவர்கள் பேசத் தொடங்கினால் பேச்சு இரண்டே இடங்களில் போய் நிற்கும். அல்லாஹ் அனுமதித்ததைத் தடுக்க யாருக்கு அதிகாரம் என்று ஒரு சாரார் கேட்பார்கள். முதல் மனைவியின் கண்ணீருக்கு யார் பதில் சொல்வது என்று மறு சாரார் கேட்பார்கள். முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஒரு செய்தி வந்துவிட்டால் போதும், இந்த இரண்டு குரல்களும் மீண்டும் உயர்ந்துவிடும்.

மார்க்கத்தில் அது ஆகுமா, என்ன நிபந்தனையோடு ஆகும் என்பதை உலமாக்கள் விளக்கட்டும். சட்டத்தரணியாக நான் காணும் சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணிகள் ஆஜராக முடியாது என்பதால், இந்தக் குடும்பங்கள் எங்களிடம் வரும்போது பெரும்பாலும் அந்த மனிதர் மௌத்தாகிவிட்டிருப்பார். காணி உறுதியையும் வங்கிப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு இரண்டு குடும்பங்கள் தனித்தனியாக வரும். அப்போது கேட்கப்படும் முதல் கேள்வி, "அவர் நீதமாக நடந்தாரா?" என்பதல்ல. "விவாக அத்தாட்சிப் பத்திரம் இருக்கிறதா?" என்பதுதான்.

இந்த நாட்டின் சட்டம் ஒரு முஸ்லிம் ஆணின் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது விவாகத்தை ஏற்கிறது. ஆனால் அப்படி ஏற்ற விவாகம் பின்னாளில் அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் செல்லுபடியாக என்னென்ன வேண்டுமோ, அவற்றில் பெரும்பாலானவற்றை அது ஏற்பாடு செய்யவில்லை. அதன் விலையை அந்த ஆண் கொடுப்பதில்லை. இரு மனைவியரும் பிள்ளைகளும் கொடுக்கிறார்கள். அது எப்படி என்று விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இதைப் பற்றியது. ஏற்கெனவே மனைவியோடு வாழ்கின்ற, அல்லது மனைவியைத் தாபரிக்கின்ற ஒருவர் மேலும் ஒரு விவாகம் செய்ய எண்ணினால், குறைந்தது 30 நாட்களுக்கு முன்னர் அறிவித்தல் கொடுக்க வேண்டும். தான் வசிக்கும் பகுதியின் காதிக்கும், இருக்கும் மனைவி அல்லது மனைவியர் வசிக்கும் பகுதிகளின் காதிகளுக்கும், மணக்கவிருக்கும் பெண் வசிக்கும் பகுதியின் காதிக்கும் அது போக வேண்டும். காதி அதை ஜும்ஆப் பள்ளிவாசலில் காட்சிக்கு வைக்க வேண்டும்.

வாசிக்கும்போது நல்ல ஏற்பாடாகத்தான் தெரியும். ஆனால் இதில் இல்லாதவற்றைக் கவனியுங்கள். அறிவித்தலைப் பெற்ற காதி அந்த மனிதரின் வருமானத்தை விசாரிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. இரண்டு வீட்டுக்குச் செலவு செய்ய முடியாதவர் என்று தெரிந்தாலும் தடுக்கும் அதிகாரத்தை அது காதிக்குக் கொடுக்கவில்லை. முதல் மனைவியின் கையில் ஒரு பிரதியைக் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. அறிவித்தல் ஒட்டப்படுவது பள்ளிவாசலில். நமது ஊர்களில் எத்தனை பெண்கள் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையைப் பார்க்கிறார்கள்? அந்த வீட்டுப் பெண்ணைத் தவிர ஊரில் மற்ற எல்லோருக்கும் செய்தி தெரிய வைக்கும் முறை இது.

அறிவித்தல் கொடுக்காமலேயே ஒருவர் நிக்காஹ் செய்துகொண்டால் என்ன நடக்கும்? அந்த விவாகத்தைப் பதிய முடியாது. 24ஆம் பிரிவின் முக்கியமான விளைவு இதுதான். ஆனால் அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு, பதிவு செய்ததாலோ செய்யாததாலோ மட்டும் ஒரு விவாகம் செல்லுபடியாவதோ செல்லாமற்போவதோ இல்லை என்கிறது. வலி இருந்தார், இரண்டு சாட்சிகள் இருந்தார்கள், ஈஜாப் கபூல் நடந்தது என்றால், அந்தத் தரப்பினரின் மத்ஹபின்படி நிக்காஹ் சரி. ஆகவே நாட்டின் சட்டப்படியும் அது விவாகம்தான்.

இந்த இரண்டு பிரிவுகளையும் சேர்த்துப் பாருங்கள். அறிவித்தல் கொடுக்காமல் தவறு செய்தவர் ஆண். அவருடைய நிக்காஹ் செல்லும். கணவனுக்குரிய உரிமைகள் எல்லாம் அவருக்கு உண்டு. தண்டனையாகச் சட்டம் பறித்துக்கொள்வது விவாகப் பத்திரத்தை. அந்தப் பத்திரம் இல்லாவிட்டால் அவருக்கு வாழ்நாளில் பெரிய இடைஞ்சல் எதுவும் வராது. அது வாழ்நாள் முழுவதும் தேவைப்படுவது புதிதாக வந்த மனைவிக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும்தான். குற்றம் ஒருவருடையது, தண்டனை இன்னொருவருக்கு. கால நூற்றாண்டுக் கணக்கில் திருத்தம் பேசும் நாம் இந்த ஒரு முடிச்சைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம் என்று எனக்கு விளங்கவில்லை.

நடைமுறையில் இன்னொரு வழியும் நடக்கிறது. வேறு மாவட்டத்துக்குப் போய், தனக்கு மனைவி இல்லை என்று பதிவாளரிடம் சொல்லிப் பதிந்துகொள்வது. பொய்யான கூற்றின் மேல் பதிவு செய்வது குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வெளியூர்ப் பதிவாளர் பெரும்பாலும் மாப்பிள்ளை சொல்லும் பதிலை நம்பித்தான் எழுதுகிறார். அப்படி எழுதிய பத்திரம் பின்னாளில் நீதிமன்றத்துக்கு வரும்போது, எதிர்த்தரப்பு முதலில் கைவைப்பது அதில் உள்ள அந்தப் பொய்யில்தான்.

பணத்தில் இதன் விளைவு என்ன என்பதற்கு ஒரு கணக்குப் போடுவோம். கற்பனைக் கணக்குத்தான்.

ஒருவர் வஃபாத்தாகிறார். தாயும் தந்தையும் முன்னரே காலமாகிவிட்டார்கள். ஜனாஸாச் செலவும் கடன்களும் போக, வீடும் கடையும் வைப்புப் பணமுமாக 96 இலட்சம் ரூபாய் மிஞ்சுகிறது. முதல் மனைவிக்கு ஒரு மகனும் இரண்டு மகள்மாரும். இரண்டாவது மனைவிக்கு ஒரு மகனும் ஒரு மகளும். 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாதனமில்லா வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்த முஸ்லிமின் சொத்து அவர் சார்ந்த பிரிவின் ஷரீஆச் சட்டப்படி பங்கிடப்படும். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. இரண்டு மனைவியர் என்றால் ஆளுக்கு எட்டில் ஒன்று இல்லை. அந்த எட்டில் ஒன்றை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆகவே 12 இலட்சம் இரண்டாகி, ஆளுக்கு 6 இலட்சம். மீதி 84 இலட்சம் பிள்ளைகளுக்கு, மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. இரண்டு மகன்மாருக்கு 4, மூன்று மகள்மாருக்கு 3, மொத்தம் 7 பங்குகள். மகனுக்கு 24 இலட்சம், மகளுக்கு 12 இலட்சம்.

அப்படியானால் முதல் வீட்டுக்கு 54 இலட்சம், இரண்டாவது வீட்டுக்கு 42 இலட்சம்.

இப்போது இரண்டாவது நிக்காஹ் பதியப்படவில்லை, அதை நிரூபிக்கவும் முடியவில்லை என்று வையுங்கள். முதல் மனைவிக்கு 12 இலட்சம் முழுதாகப் போகும். 84 இலட்சம் நான்கு பங்குகளாகி, அவருடைய மகனுக்கு 42, மகள்மாருக்கு 21 வீதம். முதல் வீட்டுக்கு 96 இலட்சம். இரண்டாவது வீட்டுக்கு ஒரு சதமும் இல்லை. மனைவி இல்லை என்றாகிவிட்டால் பிள்ளைகளின் நசபும் கேள்விக்குள்ளாகும். முறையான விவாகத்தில் பிறக்காத பிள்ளை தந்தையிடமிருந்து வாரிசு பெறுவதில்லை என்பதால், அந்தப் பிள்ளைகளும் வரிசையிலிருந்து வெளியே போகிறார்கள்.

42 இலட்சம் ரூபாயும் இரண்டு பிள்ளைகளின் தகப்பன் யார் என்ற கேள்வியும் ஒரு துண்டுக் காகிதத்தில் தொங்குகின்றன. பதிவில்லாத நிக்காஹை வாய்மொழிச் சாட்சியத்தால் நிரூபிக்கலாம்தான். 16ஆம் பிரிவு அந்தக் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. ஆனால் இரகசியமாக நடந்த நிக்காஹுக்குச் சாட்சி யார்? நடத்தி வைத்த மௌலவி ஒருவர், மாப்பிள்ளையின் கூட்டாளிமார் இரண்டு பேர். இருபது வருடம் கழித்து அவர்களில் ஒருவர் கப்ரில் இருப்பார், ஒருவர் கட்டாரில் இருப்பார், மூன்றாமவர் முதல் மனைவியின் தம்பியிடம் கடைச் சாமான் எடுப்பவராக இருப்பார். குறிப்பிட்ட பெறுமதிக்கு மேற்பட்ட சொத்தாக இருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்குப் போட வேண்டும். அங்கே வாரிசுகள் யார் என்பதில் தகராறு வந்துவிட்டால், அது தீரும் வரை காணியை விற்கவும் முடியாது, வங்கிப் பணத்தை எடுக்கவும் முடியாது. முதல் மனைவியின் மகளுக்குக் கலியாணம் பேசி வைத்திருந்தாலும் அந்தப் பணம் அசையாது. பதிவில்லாத இரண்டாவது விவாகம் முதல் குடும்பத்துக்கு இலாபம் என்று நினைப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

முதல் மனைவியின் நிலையை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். முஸ்லிம் சட்டத்தில் கணவனின் சொத்து கணவனுக்கு, மனைவியின் சொத்து மனைவிக்கு. திருமணத்தால் இரண்டும் கலப்பதில்லை. பெண்ணுக்கு இது பெரும் பாதுகாப்பு. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? கலியாணத்தில் போட்ட நகையை விற்றுத் தளம் போடுவார்கள். அவள் சவூதியில் நான்கு வருடம் வேலை செய்து அனுப்பிய காசில் சுவர் எழும்பும். உறுதி மட்டும் அவருடைய பெயரில் இருக்கும். பிறகு இரண்டாவது மனைவி வருகிறார், பிறகு அவர் மௌத்தாகிறார். மேலே சொன்ன கணக்கின்படி, தன் நகையும் தன் உழைப்பும் புதைந்திருக்கும் வீட்டில் அவளுக்குரியது பதினாறில் ஒரு பங்கு. நான் கொடுத்த காசு என்று சொன்னால், அதற்கு எழுத்து எங்கே என்று கேட்கப்படும்.

கிழக்கில் நிலைமை சற்று வேறு. காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ பெரும்பாலும் வீடு பெண்ணின் பெயரில்தான் இருக்கும். வாப்பா கட்டிக்கொடுத்த சீதன வீடு. கணவர் இன்னொரு விவாகம் செய்தாலும் அந்த வீட்டை யாரும் பங்கு கேட்க முடியாது. சீதன முறையின் கொடுமைகளை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் உறுதி யார் பெயரில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய வித்தியாசத்தைச் செய்கிறது என்பதற்கு இது ஓர் அத்தாட்சி. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கைக்கூலியாகக் கொடுத்த பணத்தையும் அசையும் பொருளையும் மீட்டுத் தரும்படி காதியிடம் கேட்கலாம். காணி, வீடு என்றால் அது காதியின் வேலையில்லை, சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

அடுத்தது மாதாந்தம் கிடைக்கும் பணங்கள். அரசாங்க உத்தியோகத்தரின் சம்பளத்திலிருந்து விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்கு மாதா மாதம் கழிக்கிறார்கள். அந்தப் பதிவுக்கு விவாக அத்தாட்சிப் பத்திரமும் பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களும் கேட்பார்கள். ஓர் ஆசிரியர் இரண்டாவது விவாகத்தைப் பதியவில்லை என்றால், அல்லது பதிந்தும் தன் கோவையில் சேர்க்கவில்லை என்றால், அவர் இறந்த பிறகு அந்தப் பெண் கவுண்டரில் போய் நின்று, "நானும் அவருடைய மனைவிதான்" என்று சொல்வதால் எதுவும் நடக்காது.

தனியார் துறையில் ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. ஊழியரிடமிருந்து 8 வீதம், தொழில் வழங்குநரிடமிருந்து 12 வீதம். அதோடு தொழில் வழங்குநர் செலுத்தும் 3 வீத ஊழியர் நம்பிக்கை நிதி. பலருக்கு வாழ்நாளின் ஒரே சேமிப்பு இதுதான். வேலையில் சேர்ந்த நாளில் நியமனப் படிவத்தில் உம்மாவின் பெயரை எழுதியிருப்பார்கள். பிறகு அதைத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். வங்கிக் கணக்கும் அப்படித்தான். கணக்குக்காரர் இறந்தால் நியமனம் செய்யப்பட்டவரின் கையில் வங்கி பணத்தைக் கொடுத்துவிடும். பெரும்பாலான உலமாக்களின் கருத்துப்படி அவர் அதைப் பெற்று வாரிசுகளுக்குப் பங்கிட வேண்டிய அமானிதக்காரர். ஆனால் பணம் கைக்கு வந்த பிறகு அந்த விளக்கத்தை யார் அவரிடம் போய்ச் சொல்வது? முதல் மனைவி நியமனக்காரர் என்றால் இரண்டாமவர் கேட்டு நிற்பார், இரண்டாமவர் என்றால் முதலாமவர் நிற்பார்.

வருமான வரியைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். நமது நாட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் வரி; கணவன் மனைவி சேர்ந்து ஒரே கூற்று கொடுக்கும் முறை இல்லை. சில மேலை நாடுகளில் பலதார மணத்தை ஏற்பது பற்றிய விவாதத்தில் வரி ஒரு பெரிய தலையிடி. நமக்கு அந்தத் தலையிடி இல்லை. பிரித்தானியாவுக்குக் குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் மட்டும் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். 1988ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின் மூலம் பலதார மணத்தில் இன்னொரு மனைவியையும் அழைத்துக்கொள்வதற்கு அந்த நாடு கட்டுப்பாடு விதித்தது. இங்கே முறையாகப் பதிந்த பத்திரத்துக்குக்கூட அங்கே எல்லா இடத்திலும் மதிப்பில்லை.

பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்துக்கு வருவோம். நாம் நீண்ட காலம் பயன்படுத்திவரும் படிவத்தில் பெற்றோர் விவாகம் செய்தவர்களா, எங்கே, எப்போது என்று ஒரு கூடு இருக்கிறது. விவாகப் பத்திரத்தைக் காட்ட முடியாவிட்டால் பலர் அதில் "இல்லை" என்று போட்டு, தந்தையின் பெயர் சேர்வதற்காக இருவரும் சேர்ந்து கையொப்பமிடுகிறார்கள். அந்த நேரத்தில் பிள்ளைக்கு ஒரு பத்திரம் கிடைத்தால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் ஷரீஆப்படி சுத்தமான நிக்காஹில் பிறந்த பிள்ளையை, விவாகம் இல்லாமல் பிறந்த பிள்ளை என்று பெற்றோரே கையொப்பமிட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். இருபது வருடம் கழித்து முதுசத்துக்கான வழக்கில் அந்தப் பிள்ளைக்கு எதிராக முதலில் நீட்டப்படுவது அந்தக் காகிதம்தான்.

கணவர் உயிரோடு இருக்கும்போது தாபரிப்புக்குக் காதியிடம் போகலாம். பதிவில்லாவிட்டாலும் நிக்காஹை நிரூபித்தால் கேட்கலாம். காதி கட்டளையிட்ட தொகையைச் செலுத்தாவிட்டால், நீதவான் நீதிமன்றத்தின் மூலம் தண்டப்பணம் போல அறவிடலாம். எழுத்தில் பார்த்தால் இது பலமான ஏற்பாடு. ஆனால் 50,000 ரூபாய் உழைப்பவர் இரண்டு வீட்டுக்கு எவ்வளவு கொடுக்க முடியும்? முதல் மனைவி கேட்டால் இரண்டாமவருக்குக் குறையும், இரண்டாமவர் கேட்டால் முதலாமவருக்குக் குறையும். இருவரும் வெவ்வேறு காதிகளிடம் போனால், ஒரே சம்பளத்தின் மேல் இரண்டு கட்டளைகள் வரலாம். வருமானத்தை விசாரிக்க வேண்டிய நேரம் நிக்காஹுக்கு முன்னால். நாம் அதைத் தாபரிப்பு வழக்கு வரும் வரை தள்ளி வைத்திருக்கிறோம்.

இஸ்லாத்தைத் தழுவி வருபவர்களுக்குப் பெண் கொடுப்போர் கட்டாயம் அறிய வேண்டிய விடயம் ஒன்று உண்டு. பொதுச் சட்டத்தின் கீழ் விவாகம் செய்த ஒருவர், அந்த விவாகத்தை நீதிமன்றத்தில் முடிக்காமல் இஸ்லாத்தை ஏற்று முஸ்லிம் பெண்ணை மணந்தால் அது செல்லுமா? 1960களில் ரீட் வழக்கில் செல்லும் என்று தீர்க்கப்பட்டது; பிரிவி கவுன்சிலும் அதை ஏற்றது. பலருடைய மனதில் இன்னும் அந்தத் தீர்ப்புத்தான் இருக்கிறது. ஆனால் 1998ஆம் ஆண்டு வெளியான அபேசுந்தர வழக்கில் உயர் நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. முதல் விவாகம் ஒருதார விவாகம்; மதம் மாறியதால் மட்டும் அது இல்லாமற்போகாது; அது இருக்கும்போது செய்யும் இரண்டாவது விவாகம் செல்லாது. ஆணுக்கு இருதார மணக் குற்றச்சாட்டும் வரலாம். பள்ளிவாசலில் ஊரறிய, வலிமா கொடுத்து நடந்த நிக்காஹாக இருந்தாலும் அந்தப் பெண் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை. இங்கே 16ஆம் பிரிவும் அவளுக்கு உதவாது. ஷஹாதா சொல்லிவிட்டார் என்பதோடு நிற்காமல், முன்னைய விவாகம் முடிந்ததற்கான நீதிமன்றத் தீர்ப்பைக் கண்ணால் காணாமல் வலி சம்மதம் கொடுக்கக்கூடாது.

மற்ற முஸ்லிம் நாடுகள் இதைப் பலவிதமாகக் கையாண்டிருக்கின்றன. துனீசியா 1956இல் பலதார மணத்தையே தடை செய்தது. பாகிஸ்தானில் 1961ஆம் ஆண்டின் குடும்பச் சட்டக் கட்டளைப்படி நடுவர் சபையின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் மணந்தால், இருக்கும் மனைவியின் மஹர் முழுவதையும் உடனே கொடுத்துத் தீர்க்க வேண்டும், சிறைத் தண்டனையும் வரலாம். அங்கே தண்டனை ஆணுக்குப் போகிறது என்பதைக் கவனியுங்கள். மலேசியாவின் கூட்டாட்சிப் பிரதேசங்களுக்கான 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி ஷரீஆ நீதிமன்றம் வருமானத்தையும் பொறுப்புகளையும் ஆராய்ந்து, இருக்கும் மனைவியையும் அழைத்து விசாரித்த பிறகே அனுமதிக்கும். அதைத் தவிர்ப்பதற்காக எல்லை கடந்து தென் தாய்லாந்தில் போய் நிக்காஹ் செய்து வருபவர்களும் இருக்கிறார்கள். மனிதன் எங்கேயும் மனிதன்தான். ஆனால் திரும்பி வந்து பதிய வேண்டுமென்றால் அவர் நீதிமன்றத்துக்கு முன்னால் போய் நின்றுதான் ஆக வேண்டும்.

நமது நாட்டில் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் நியமிக்கப்பட்ட குழு 2018 ஜனவரியில் அறிக்கையைக் கையளித்தது. உறுப்பினர்கள் இரு தரப்பாகப் பிரிந்து நின்றார்கள். 2021இல் பலதார மணத்தை அடியோடு நீக்க அமைச்சரவை தீர்மானித்ததாக அன்றைய நீதி அமைச்சர் அலி சப்ரி அறிவித்தபோது மீண்டும் ஒரு புயல் அடித்தது. அடியோடு நீக்குவதில் எனக்கொரு தயக்கம் இருக்கிறது. நீக்கினால் இந்த நிக்காஹ்கள் நிற்கும் என்று நான் நம்பவில்லை. இன்று அறிவித்தல் கொடுத்துப் பதியும் சிலரும் நாளை இரகசியத்துக்குப் போவார்கள். சீதனம் கொடுக்க வசதியில்லாத குடும்பத்துப் பெண்ணோ, விதவையோ, தலாக்கான பெண்ணோதான் பெரும்பாலும் இரண்டாவதாகப் போகிறார். அவருக்கு இருக்கும் கொஞ்சச் சட்டப் பிடிமானமும் போய்விடும். அதேநேரம், இப்போதிருக்கும் சட்டத்தில் கைவைக்கவே கூடாது என்பவர்களிடமும் ஒரு கேள்வி. நீதமாக நடக்க முடியாதென்று அஞ்சினால் ஒருத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று ஸூரா அந்நிஸா சொல்கிறது. அந்த நீதத்தை விசாரிக்க நமது சட்டத்தில் யாருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறோம்? கடன் கொடுக்கல் வாங்கலைக்கூட எழுதி வைத்துக்கொள்ளும்படி அல்பகறாவின் மிக நீளமான வசனம் கட்டளையிடுகிறது. ஆயிரம் ரூபாய்க் கடனை எழுத வேண்டிய நாம், ஒரு பெண்ணின் வாழ்க்கையை எழுதாமல் விடலாம் என்று எப்படி முடிவெடுத்தோம்?

என்னிடம் கேட்டால் 24ஆம் பிரிவில் மூன்று விடயங்களை மாற்றச் சொல்வேன். அறிவித்தல் முதல் மனைவியின் கைக்கே போக வேண்டும். காதி இரு வீட்டுச் செலவையும் வருமானத்தையும் எழுத்தில் விசாரித்து, இயலாது என்று கண்டால் மறுக்கும் அதிகாரம் வேண்டும். அறிவித்தல் கொடுக்காமல் மணந்தவருக்கான தண்டனை அவர் மேலேயே விழ வேண்டும். அந்த விவாகத்தை மட்டும் தண்டத்தோடு பதிய வழிவிட வேண்டும், அந்தப் பெண்ணின் பத்திரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. இதில் எதுவும் ஹலாலை ஹராமாக்குவதில்லை.

சட்டம் மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்களும் இருக்கின்றன. மஹரையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கப்படாத மஹர் கணவனின் கடன். வாரிசுகள் பங்கு பிரிப்பதற்கு முன்னர் அது தீர்க்கப்பட வேண்டும். நமது பதிவுகளில் எத்தனை மஹர் பெயருக்கு எழுதிய தொகை! ஒரு கணிசமான மஹர் பதிவில் இருந்தால், அந்தப் பெண் பதினாறில் ஒன்றுக்காக மட்டும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வீட்டை மனைவிக்குக் கொடுக்க விரும்புபவர் உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக நொத்தாரிசு உறுதி எழுதிக் கொடுக்கலாம். இங்கே 1931ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் இரண்டு பொடி விடயங்கள் இருக்கின்றன. மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதப்படாவிட்டால் அந்த நன்கொடை மீளப்பெற முடியாததாகக் கருதப்படாது. உறுதியைப் பெறுநரிடம் ஒப்படைப்பது உடைமையைக் கையளித்ததற்குச் சாட்சியமாக ஏற்கப்படும். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டதாலும், உறுதியை அலுமாரியில் தானே பூட்டி வைத்துக்கொண்டதாலும் வழக்காகிப்போன ஹிபாக்கள் உண்டு. ஹிபாவை ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் எழுதி மறு வீட்டை வெறுங்கையோடு விடுவது வேறொரு அநியாயம். பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் கொடுத்த தகப்பனை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எப்படித் திருத்தினார்கள் என்பது குத்பாக்களில் நாம் கேட்டதுதான்.

உயிலை நம்பி இருப்பவர்களும் உண்டு. நாட்டின் பொதுவான உயில் சட்டம் விரும்பியவருக்கு விரும்பியபடி எழுத இடம் கொடுக்கிறது. ஆனால் ஷரீஆவில் வஸிய்யத் மூன்றில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது, வாரிசாக வருபவருக்கு எழுதுவதும் மற்ற வாரிசுகளின் சம்மதமின்றிச் செல்லாது. மனைவி வாரிசு. ஆகவே இரண்டாவது மனைவிக்கு உயில் எழுதிவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர், நீதிமன்றத்தில் வென்றாலும் மார்க்கத்தில் கேள்விக்குள்ளாகும் ஓர் ஆவணத்தைத்தான் விட்டுச் செல்கிறார்.

இரண்டாவது மனைவியாக மகளையோ தங்கையையோ கொடுக்கப் போகும் வலிமாரே, மாப்பிள்ளை வீட்டார் தரும் தேதிக்கு முன்னால் 24ஆம் பிரிவின் அறிவித்தலின் பிரதியைக் கேளுங்கள். காதிகளுக்கு அது போய்ச் சேர்ந்ததற்கான கையொப்பத்தைக் கேளுங்கள். 30 நாள் முடிந்ததா என்று எண்ணிப் பாருங்கள். நிக்காஹ் நடக்கும் சபையிலேயே பதிவாளர் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். "இப்போது வேண்டாம், முதல் வீட்டில் தெரிந்துவிடும், பிறகு பதிவோம்" என்று ஒருவர் சொன்னால், அந்தப் "பிறகு" எப்போது என்று கேளுங்கள். நிக்காஹ் நடத்தி வைக்கும் மௌலவிமாரும் பள்ளிவாசல் நிருவாகிகளும் இதையே கேட்கத் தொடங்கினால், அதற்குப் பாராளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை.